கழுத்துக்குக் கீழே மூவாயிரம் பேர்

அந்த லிஃப்ட் மெக்கானிக் தன் முழு உருவத்தை முதன்முதலாகப் பார்த்தபோது அவருக்கு வயது நாற்பத்தாறு. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன். வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி. சவரத்துக்கு அது தாராளம். கழுத்துக்குக் கீழேயும் தனக்கு ஒரு உடம்பு இருக்கிறது, அதை நாலு பேர் பார்க்கிறார்கள் என்ற யோசனையே அவருக்கு வந்ததில்லை. அவர் வேலை பார்த்த லிஃப்டுகளும் தகரச் சுவர் வைத்த பழைய பெட்டிகள்.

அப்புறம்தான் ஊருக்கு நடுவே ஆறு மாடிக் கட்டடம் ஒன்று வந்தது. அதன் லிஃப்டில் பின்சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, நிலைக்கண்ணாடி. முதல் தடவை அதை சர்வீஸ் செய்யப் போன அன்று, அவர் உள்ளே இருக்கும்போதே கரண்ட் போய்விட்டது. இருபத்தைந்து நிமிஷம். ஊரில் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் வெளியே எடுக்கிற மனிதர், தானே மாட்டிக்கொண்டு அவசர விளக்கு வெளிச்சத்தில் நின்றார். எதிரே இன்னொரு ஆளும் நின்றார்.

சாம்பல் நிறச் சீருடை. அவருடைய கம்பெனி இரண்டே அளவில்தான் சீருடை தைக்கும்: பெரியது, மிகப் பெரியது. இவருக்கு வாய்த்தது இரண்டாவது. தோளில் இருக்க வேண்டிய தையல் கையில் பாதி தூரம் இறங்கியிருந்தது. பேண்ட் ஷூவின் மேல் மூன்று மடிப்பாக விழுந்து கிடந்தது. இருபத்தைந்து நிமிஷமும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார், வேறு எங்கே பார்ப்பது?

"நான் ஏதோ ஒல்லியா, பாக்க நல்லா இருக்கற ஆளுன்னு நெனச்சுட்டு இருந்தேன்க்கா. யாரோ துணி மூட்டையைக் கொண்டாந்து லிஃப்டுல வச்சுட்டுப் போன மாதிரி இருந்துச்சு," என்றார் சாயங்காலம் அக்காவிடம். அக்கா குடும்பம் கீழ்வீட்டில், இவர் மாடி வீட்டில்.

அக்கா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தக்கூட இல்லை. "இப்பத்தான் தெரிஞ்சுதா?" என்றாள்.

இவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் சோகக் கதை எதுவும் கிடையாது. இருபத்தொன்பது வயதில் ஒரு குடும்பம் பேசி முடிக்க வீட்டுக்கு வந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்த நேரத்தில் போன் வந்தது, ஏதோ ஒரு மருத்துவமனையில் லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது என்று. எழுந்து போய்விட்டார். மூன்று மணி நேரம் கழித்துக் கையெல்லாம் கிரீஸோடு திரும்பினால் நாற்காலிகள் காலி. அடுத்த பேச்சும் கிட்டத்தட்ட அப்படியேதான். மூன்றாவது பேச்சு வரவில்லை. வேலையில் அவருக்கு ஒரு கொள்கை உண்டு: ஓடுகிற மெஷினைத் தொடாதே. நன்றாக ஓடுவதைக் கழற்றிப் பார்க்கப் போய்த்தான் பாதி லிஃப்டுகள் கெடுகின்றன என்பார். தன் வாழ்க்கையையும் அப்படியே ஓடவிட்டு விட்டார்.

அந்த நிலைக்கண்ணாடி வந்து கழற்றிப் போட்டது அதைத்தான்.

இருந்த ஒரே நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று பார்த்தால் அதில் கிரீஸ் கறை. அதை எப்படி எடுப்பது என்று செல்போனில் தேடினார். தேடிய இடத்தில் ஒரு குழு அகப்பட்டது. பெயர், "கழுத்துக்குக் கீழே". ஆண்கள் ஒருவருக்கொருவர் உடுத்தச் சொல்லிக்கொடுக்கும் குழு. யாரோ ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருக்க, இன்னொருவர் கொதிக்கிற தண்ணீரில் ஊற வைக்கச் சொல்லியிருந்தார். மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீர் பட்டால் கிரீஸ் துணிக்குள் குடித்தனம் நடத்தப் போய்விடும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் எழுதினார்: "முதலில் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி ஒரு மணி நேரம் விடவும். உதறிவிட்டுப் பாத்திரம் கழுவும் சோப்பை விரலால் தேய்க்கவும். வெதுவெதுப்பான தண்ணீர் போதும். இருபத்துநாலு வருஷ அனுபவம்." சொன்னவர் தன் சட்டையிலும் அப்படியே செய்தார். கறை போய்விட்டது. கேள்வி கேட்டவரின் கறையும் போய்விட்டது. மறுநாளிலிருந்து குழுவில் அவர் பெயர் கிரீஸ் அண்ணன்.

மூவாயிரம் பேர் இருந்த அந்தக் குழுவுக்கு இரண்டு விதிகள். முதல் விதி, யாரும் முகம் காட்டக் கூடாது. படம் கழுத்திலிருந்து ஷூ வரைதான். அழகான முகம் இருக்கிறவனுக்கு எந்தச் சட்டையும் பொருந்தும், அதனால் முகத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே என்பது அதைத் தொடங்கியவரின் வாதம். அவர் ஒரு பஸ் டிரைவர், குழுவில் பெயர் அளவுநாடா. இரண்டாம் விதி, யார் படத்தைப் பார்த்தாலும் முதலில் ஒரு நல்லது சொல்ல வேண்டும், அப்புறம்தான் குறை. இந்த விதியால் பல பேர் திண்டாடிப் போயிருக்கிறார்கள். ஒருமுறை ஒருவர் கட்டம் போட்ட சட்டைக்கு வேறு கட்டம் போட்ட பேண்ட் போட்டுக்கொண்டு நின்றார். அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் சித்தப்பா என்கிற உறுப்பினர் எழுதினார்: "பின்னாடி இருக்கற கதவு ரொம்ப நல்லா இருக்கு தம்பி. என்ன மரம்?" சித்தப்பாவுக்கு வயது இருபத்திரண்டு. பேச்சு மட்டும் அறுபது வயசுக்காரர் மாதிரி இருப்பதால் அந்தப் பெயர்.

நம் மெக்கானிக் படம் எடுத்தது லிஃப்டில். ஆறு மாடிக் கட்டடத்தில் வேலை முடிந்ததும் நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, முகத்துக்கு நேரே செல்போனைப் பிடித்து, விதி தவறாமல் முகத்தை மறைத்து ஒரு படம். குழுவினர் பிய்த்து எடுத்தார்கள். நல்லது, நிமிர்ந்து நிற்கிறீர்கள். குறை, மீதி எல்லாமே. பேண்டை வெட்டச் சொன்னார்கள், வெட்டினார். பெல்ட்டை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார். ஒரு வருஷத்தில் சீருடை தவிர மற்ற உடைகள் எல்லாம் உடம்பைக் கண்டுபிடித்து ஒட்டிக்கொண்டன. அக்கா வீட்டுக்காரர் அவரைப் பின்பக்கம் பார்த்து, வாடகைக்கு வீடு கேட்டு வந்தவர் என்று நினைத்து "யாரு வேணும்?" என்றாராம். அன்றைக்கெல்லாம் மெக்கானிக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதே ஆறு மாடிக் கட்டடத்தில்தான் நாலாவது மாடி. லிஃப்ட் கதவு திறந்தால் நேர் எதிரே மூக்குக் கண்ணாடிக் கடை. கடைக்காரம்மா நாற்பத்து மூன்று வயதுக்காரர். கணவர் இறந்து ஒன்பது வருஷம். மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். லென்ஸ் தீட்டுவது, பிரேம் மாட்டுவது எல்லாம் அவர் ஒரு ஆளே. அவர் பார்வை விழுவது முகத்தில் மட்டும்தான். ஒரு ஆள் உள்ளே வந்தால் மூக்குத்தண்டு, காது, இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர், இவ்வளவுதான் பார்ப்பார். ஞாபகம் வைத்திருப்பதும் அப்படித்தான். "அந்த அறுபத்திரண்டு சார் பிரேமை வாங்கிட்டுப் போயிட்டாரா?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அந்த அறுபத்திரண்டு சார் வேட்டி கட்டியிருந்தாரா கோட்டுப் போட்டிருந்தாரா என்று கேட்டால் தெரியாது.

முதல் மாதம் அந்த அம்மாதான் லிஃப்ட் அலுவலகத்துக்குப் போன் செய்தார், நாலாவது மாடியில் கதவு திறக்கும்போது கிறீச் என்று சத்தம் வருகிறது என்று. மெக்கானிக் போனார். கதவு ஓடுகிற பள்ளத்தில் ஒரு லென்ஸ் சில்லு சிக்கியிருந்தது. எடுத்தார், துடைத்தார், எண்ணெய் விட்டார். கதவு வழுக்கிக்கொண்டு ஓடியது. கடைக்காரம்மா ஒரு நாற்காலியைப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். "மெதுவா குடிங்க சார், எப்பவும் ஓடிட்டே இருக்கீங்க," என்றார். அவரிடம் இதுவரை யாரும் மெதுவாகக் குடிக்கச் சொன்னதில்லை.

அடுத்த மாதம் மறுபடி புகார். நாலாவது மாடி, கதவு சத்தம். போனார். நாற்பது தடவை திறந்து மூடிப் பார்த்தார். கதவு வாயே திறக்கவில்லை.

"இப்ப இல்ல சார். நேத்து இருந்துச்சு," என்றார் கடைக்காரம்மா.

மூன்றாம் மாதமும் அப்படியே. நாலாம் மாதமும். ஒரு தொழில்காரருக்கு இது எவ்வளவு பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள். கண்டுபிடிக்க முடியாத சத்தம்! சர்வீஸ் அட்டையில் "சத்தம் கேட்கவில்லை" என்று எழுதி எழுதி அவருக்குக் கையே கூசியது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கிற பத்து நிமிஷம் மட்டும் கூசவில்லை. மகள் எழுதிய பரீட்சை, பிரேமைக் கடித்துத் துப்பிய குழந்தை, லிஃப்டுக்கு மேலே சிக்கிய புறா என்று ஏதாவது பேசுவார்கள். மாதத்தில் இருபத்தொன்பது நாள் அவர் மனம் அந்தப் பத்து நிமிஷத்தைச் சுற்றியே வந்தது.

குழுவில் சாக்ஸ் என்று ஒரு பல் டாக்டர். காலுறையைத் தவிர வேறு எதையும் பார்க்காதவர் என்று பெயர். அவர்தான் ஒருநாள் எழுதினார்: "நல்லது, ஷூ பளபளப்பு. குறை இல்லை, ஒரு சந்தேகம். அண்ணே, மாசத்துல ஒரே ஒரு நாள் மட்டும் உங்க யூனிஃபார்ம் கத்தி மாதிரி தேய்ச்சிருக்கு. அது என்ன நாள்?"

மெக்கானிக் அந்தக் கேள்வியை இரண்டு நாள் வைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். மூவாயிரம் பேரும் குதித்த குதியில் அவருடைய செல்போன் மேஜையிலிருந்து நகர்ந்து கீழே விழுந்தது.

"பேசிட வேண்டியதுதானே?" என்று எழுதினார் அளவுநாடா.

"நல்லா ஓடிட்டு இருக்கு. எதுக்குத் தொடணும்?" என்றார் இவர்.

எட்டாம் மாதம் தண்ணீர் கொடுக்கும்போது கடைக்காரம்மா சொன்னார்: "இந்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமையோட இங்க முடியுது சார். கடையை மாத்தறேன். ரெண்டு தெரு தள்ளி. வயசானவங்க நிறைய பேர் வர்றாங்க, அதனால தரைத்தளமா பாத்துட்டேன். மாடியும் இல்ல, லிஃப்டும் இல்ல."

மெக்கானிக் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டார். லிஃப்ட் இல்லாத கடைக்கு லிஃப்ட் மெக்கானிக் எதற்கு? கதவு சத்தம் போடாது. புகார் வராது. நாற்காலி போட வேண்டிய தேவையும் இருக்காது. இன்னும் மூன்று வாரம். அதற்குள் பேசினால் உண்டு, இல்லாவிட்டால் அந்தப் பத்து நிமிஷம் அவ்வளவுதான். கீழே இறங்கும்போது நிலைக்கண்ணாடியில் நின்ற ஆளைப் பார்த்தார். பேச வேண்டிய ஆள் இவன்தான் என்று நினைத்ததும் செல்போனை எடுத்துக் குழுவுக்கு எழுதினார்.

குழு போர்க்கால நடவடிக்கையில் இறங்கியது. வெள்ளிக்கிழமைக்கு என்ன சட்டை? வெள்ளை என்றது ஒரு கட்சி, வெளிர் நீலம் என்றது இன்னொரு கட்சி. மூன்று நாள் வாக்கெடுப்பு நடந்து நீலம் ஜெயித்தது. ஒருவர் தூரதேசத்திலிருந்து பேண்ட் நீளத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதினார். சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் கரண்ட் டெஸ்டரை எடுத்துவிட வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம். அதை எடுத்துவிட்டால் சட்டை போடாத மாதிரி இருக்கிறதே என்று கெஞ்சினார். கேட்கவில்லை.

ஊசி என்று ஒரு தையல்காரர் குழுவில் இருந்தார். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அண்ணே, உங்க இடது தோள் ஒரு விரக்கடை இறங்கியிருக்கு. கனமான பை மாட்டற ஆளு நீங்க. ரெடிமேடு சட்டை எதுவும் சரியா நிக்காது. இடது பக்கம் கொஞ்சம் இறக்கித் தைக்கச் சொல்லுங்க." இவரும் தெருமுனைத் தையல்காரரிடம் போய் அட்சரம் பிசகாமல் சொன்னார். சட்டை வந்தது. போட்டுப் பார்த்தால் காலர் ஒரு காதை நோக்கி ஏறி, பொத்தான் வரிசை குடிகாரன் நடந்த மாதிரி சாய்ந்திருந்தது. குழுவே தலையில் கைவைத்துக்கொண்டது. தலை யாருக்கும் தெரியாது என்றாலும்.

நாலு மணி நேரம் கழித்துச் சித்தப்பா எழுதினார்: "நல்லது, துணி. குறை, நாம மூவாயிரம் பேரும் முட்டாள்கள். அண்ணன் படம் எடுக்கறது நிலைக்கண்ணாடியில. அதுல வலது இடதாத் தெரியும். அண்ணே, பையை எந்தத் தோள்ல மாட்டுவீங்க?"

வலது தோளில். இருபத்துநாலு வருஷமாக வலது தோளில். தையல்காரர் முணுமுணுத்துக்கொண்டே பிரித்துத் தைத்துக் கொடுத்தார். இந்த முறை சட்டை கச்சிதமாக உட்கார்ந்தது.

என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுக்கவும் சிலர் முன்வந்தார்கள். அளவுநாடா உடனே தடுத்துவிட்டார். "வாயிலேருந்து வர்றது கழுத்துக்கு மேல. அது நம்ம எல்லை இல்ல. அதை அவரே பாத்துக்கட்டும்," என்றார்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு மெக்கானிக் அந்த லிஃப்டில் ஏறினார். வெளிர் நீலச் சட்டை, கரும்பழுப்பு பேண்ட், ஷூவில் முகம் தெரியும். முதல் மாடி தாண்டும்போது படம் எடுத்துப் போட்டார். இரண்டாவது மாடிக்குள் நூற்றுச் சொச்சம் பதில். நல்லது மட்டும் சொன்னார்கள். குறை சொல்ல எதுவும் இல்லை என்று ஊசியே எழுதினார், அந்தக் குழுவின் சரித்திரத்தில் முதல்முறையாக. நாலாவது மாடியில் கதவு திறந்தது, துளிச் சத்தமில்லாமல்.

கடையில் பாதி காலி. அட்டைப்பெட்டிகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. லென்ஸ் தீட்டும் மெஷின் மட்டும் இன்னும் மேஜையில் இருந்தது. கடைக்காரம்மா திரும்பிப் பார்த்தார். வழக்கம்போல முகத்தை மட்டும் பார்த்தார்.

"மேடம், நான் ஒண்ணு சொல்ல வந்தேன்..."

"அதுக்கு முன்னாடி நான் ஒண்ணு சொல்லிடறேன் சார். எட்டு மாசமா சொல்லணும்னு இருக்கேன். இன்னிக்கு விட்டா முடியாது. உக்காருங்க."

உட்கார்ந்தார். கடைக்காரம்மா கிட்டே வந்து, இரண்டு கையாலும் அவருடைய மூக்குக் கண்ணாடியைக் கழற்றி எடுத்தார். உலகம் கரைந்துபோய் வெறும் வண்ணமாக நின்றது.

"இது என்ன சார்?"

"டேப்பு."

"என்ன டேப்பு?"

"இன்சுலேஷன் டேப்பு. கரண்ட் வேலைக்கு..."

"காதுல என்ன சார் கரண்ட் வேலை?"

மெக்கானிக்குக் காது சூடாகிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் காதில் மாட்டும் கம்பி உடைந்தபோது கையிலிருந்த கறுப்பு டேப்பைச் சுற்றியது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததால் தொடவில்லை. சவரம் செய்யும்போது அதைக் கழற்றி வைத்துவிடுவார். லிஃப்டில் படம் எடுக்கும்போது செல்போன் மறைத்துவிடும், மற்ற நேரம் அவர் பார்வை கழுத்துக்குக் கீழேதான். மூவாயிரம் பேர் மூன்று வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டு அலங்கரித்து அனுப்பிய மாப்பிள்ளை, காதோரம் கட்டு போட்ட கண்ணாடியோடு, ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்கே வந்து உட்கார்ந்திருந்தார்! அந்தக் கடைக்கு வர ஒரு காரணத்தை எட்டு மாதமாக மூக்கின் மேலேயே வைத்துக்கொண்டு, லிஃப்ட் சத்தத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

"லென்ஸ் நல்லா இருக்கு. பிரேம்தான் செத்துப் போச்சு. இதையே கொஞ்சம் தீட்டி வேற பிரேம்ல போட்டுத் தர்றேன். பதினஞ்சு நிமிஷம்," என்றது எதிரே இருந்த ஊதா வண்ணம். "கண்ணளவு எடுக்க வேண்டாம். உங்களுது அறுபத்தாறு. வந்த முதல் நாளே தெரியும்."

மெஷின் ஓட ஆரம்பித்தது. கடைக்காரம்மாவின் முகம் தெரியவில்லை. தெரிந்திருந்தால் மெக்கானிக் வாயே திறந்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். தெரியாததால் தைரியம் வந்தது.

"மேடம், ஓடற மெஷினைத் தொடக் கூடாதுங்கறது என் பழக்கம். அதனாலதான் இத்தனை நாளா ஒண்ணும் சொல்லல. மாசம் ஒரு தடவை வந்தேன், தண்ணி குடிச்சேன், போனேன். எனக்கு அது போதும்னு இருந்துச்சு. இப்ப நீங்க போற இடத்துல லிஃப்ட் இல்ல. அங்க வர எனக்கு ஒரு காரணமும் இல்ல. காரணம் இல்லாம வரலாமான்னு கேக்கத்தான் வந்தேன்." கொஞ்சம் எச்சிலை விழுங்கிக்கொண்டார். "மெக்கானிக்கா இல்ல. உங்க மனுஷனா."

மெஷின் நின்றது. அவர் தன் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தக் கதவு சத்தமே போடல சார்," என்றார் கடைக்காரம்மா.

"தெரியும் மேடம். நாப்பது தடவை திறந்து மூடிப் பாத்தேன்."

"முதல் மாசம் மட்டும்தான் போட்டுச்சு. மீதி ஏழு மாசமும் நான்தான் போட்டேன்."

மெக்கானிக்குப் புரிய நாலைந்து வினாடி ஆனது. புரிந்ததும் அவருக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. தொழில்காரரின் நிம்மதி. ஏழு மாதமாகத் தன் வேலையில் குறை இல்லை! அதற்குப் பின்னால்தான் மற்ற சந்தோஷம் வந்தது, வந்து நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

"ஆனா இப்ப பதில் சொல்ல மாட்டேன்," என்றது அந்தக் குரல், மெதுவாக. "என் பொண்ணு பெரிய பொண்ணு. ஒன்பது வருஷம் அவளும் நானும் மட்டும்தான். அவளுக்குப் பிடிக்கலேன்னா எனக்கும் வேண்டாம். அடுத்த வாரம் லீவுக்கு வர்றா. கேட்டுட்டு, சரின்னாலும் இல்லேன்னாலும் சொல்லி அனுப்பறேன்."

"கேளுங்க. அவங்களைக் கேக்காம நீங்க சொன்னா எனக்கே நல்லா இருக்காது," என்றார் இவர்.

புது பிரேம் காதில் ஏறியது. உலகம் வரிகளோடு திரும்பி வந்தது. ஒரு அடி தூரத்தில் கடைக்காரம்மாவின் முகம். கண் கலங்கியிருந்தது, உதடு சிரித்துக்கொண்டிருந்தது. பிரேம் நேராக நிற்கிறதா என்று பார்க்க அவர் இரண்டு அடி பின்னால் நகர்ந்தார். அப்போதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக, அவர் பார்வை கழுத்துக்குக் கீழே இறங்கியது.

"அட, சட்டை புதுசா?" என்றார்.

சாயங்காலம் அக்கா புது பிரேமைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டாள். கேட்டுச் சிரித்ததில் அவளுக்குப் புரை ஏறிவிட்டது. "மூவாயிரம் ஆம்பளைங்க! ஒருத்தனுக்காவது தோணலையா, அந்தம்மா சத்தம்னு எதைச் சொல்றாங்கன்னு? நீ ரெண்டாம் மாசம் சொன்னபோதே எனக்குத் தெரியும்."

"அப்ப ஏன்க்கா சொல்லல? அந்த டேப்பையாவது சொல்லியிருக்கலாம்ல?"

"நீ என்னைக் கேட்டியா? அவங்களைத்தானே கேட்ட."

குழுவிலும் விஷயத்தைச் சொன்னார். அளவுநாடா எழுதினார்: "நல்லது, 'இல்லை'ன்னு பதில் இன்னும் வரல. குறை, முதல் விதி."

அடுத்து வந்த ஒன்பது நாளும் மெக்கானிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த அந்தக் கடைப் பக்கம் அவர் போகவே இல்லை. சொல்லி அனுப்புகிறேன் என்றவர்கள் சொல்லி அனுப்பட்டும். பார்த்தறியாத ஒரு பெண் பிள்ளை, தன்னைப் பற்றி என்ன நினைக்கும் என்று வேலை நடுவே யோசித்துக்கொண்டு நிற்பார். சொல்லக் கூடாது, இரண்டு முறை ஸ்பேனரை மறந்துவிட்டுக்கூட வந்தார். குழுவிலும் ஒரே தவிப்பு. சாக்ஸ் காலுறையைப் பற்றியே பேசவில்லை.

பத்தாம் நாள் முற்பகல். ஏதோ ஒரு அலுவலகக் கட்டடத்தின் மொட்டைமாடி அறையில், கை முழுக்க கிரீஸோடு மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மிகப் பெரிய அளவுச் சீருடை. கம்பெனியிலிருந்து போன். புகார் எழுதும் அம்மா பேசினார். இருபது வருஷமாக இந்த ஊரின் லிஃப்டுகளெல்லாம் அந்த அம்மாவிடம்தான் அழுதிருக்கின்றன.

"சார், ஒரு புகார். எனக்கு ஒண்ணுமே புரியல. லிஃப்ட் கதவு சத்தம் போடுதாம். விலாசத்தைப் பாத்தா ஏதோ மூக்குக் கண்ணாடிக் கடை, தரைத்தளம். அந்தக் கட்டடத்துல லிஃப்டே கிடையாதே சார்! ரெண்டு தடவை கேட்டுட்டேன். பரவாயில்ல எழுதிக்கோங்கன்னு சொல்றாங்க. பின்னாடி ஒரு பொண்ணு வேற, 'அவசரம்னு சொல்லும்மா, அவசரம்னு சொல்லு'ன்னு கத்திட்டு இருக்கா. என்ன சார் பண்றது? தப்பான நம்பர்னு விட்டுடவா?"

மெக்கானிக் எழுந்து நின்றுவிட்டார். சட்டை நுனியில் சுத்தமான இடம் ஒன்றைத் தேடிப் பிடித்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டார். உடை மாற்ற வீட்டுக்குப் போகலாம் என்ற நினைப்பே வரவில்லை.

"சார்? இருக்கீங்களா? என்ன எழுதட்டும்?"

"அவசரம்னு எழுதுங்கம்மா," என்றார். "மெக்கானிக் கிளம்பிட்டார்னு எழுதுங்க."